பல் அடைப்புப் பொருள்கள் பற்றீரியாவைக் கொல்கின்றனவா? சிறிய ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் ஒரு சிறிய நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுகளுக்குக் கைகொடுப்பது என் வேலை. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் பல் அடைக்கும் சீமெந்தில் இரண்டு மூன்று வகையை வாங்கிக்கொண்டு வந்து, "அக்கா, இதில எது கூடக் கிருமி கொல்லுது எண்டு பாக்கப் போறன்" என்பார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கையில் பொருளைச் சுற்றிப் பற்றீரியா வளராத சில வட்டங்களின் அளவுகள் இருக்கும். அவற்றை வைத்து என்ன சொல்வதென்றுதான் தெரியாது.

பிழை கடைசி நாளில் நடப்பது குறைவு. பெரும்பாலும் முதல் வாரத்திலேயே நடந்து முடிந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பற்றீரியாவைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான் பாதி இடத்தைப் பிடிக்கின்றன. அந்தப் பாதியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

1. கேள்வியை ஒரே வசனத்தில் எழுதுங்கள்

"எது நல்லது" என்பதைச் சோதித்துக் காட்ட முடியாது. "இறுகி 24 மணி நேரமான கிளாஸ் அயனோமரின் (ஒரு வகைப் பல் அடைப்புச் சீமெந்து) மேற்பரப்பில் ஒரு மணி நேரம் இருந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸில் (பற்சூத்தைப் பற்றீரியா) எத்தனை உயிரோடு மிஞ்சுகிறது?" என்று கேட்டால் அதற்கு விடை உண்டு.

வசனத்தில் மூன்று விடயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: பொருளின் வயது, பற்றீரியாவின் பெயர், இரண்டும் சந்திக்கும் விதம். இதில் எல்லோரும் மறப்பது வயதைத்தான். இப்போதுதான் குழைத்த சீமெந்தும் ஒரு நாள் இறுகிய சீமெந்தும் பற்றீரியாவுக்கு இரண்டு வேறு பொருள்கள். எப்பொக்சி வகை வேர்க்கால்வாய் சீலர்கள் (பல் வேரின் உட்கால்வாயை அடைக்கும் பசைகள்) குழைத்த புதிதில் பற்றீரியாவை நன்றாகக் கொல்லும். முழுதாக இறுகிய பின் அந்தச் சக்தியில் பெரும்பகுதி போய்விடும். ஒருவர் புதிதைச் சோதித்து "கொல்கிறது" என்கிறார், இன்னொருவர் இறுகியதைச் சோதித்து "இல்லை" என்கிறார். இருவரும் சரிதான்.

நேரம் இருந்தால் மூன்று வயதில் சோதியுங்கள்: புதிது, 24 மணி, 7 நாள். ஒரே வயதுக்குத்தான் நேரம் என்றால் 24 மணியை எடுங்கள். நோயாளியின் வாயில் பொருள் இறுகிய நிலையில்தான் வருடக்கணக்கில் இருக்கப்போகிறது.

2. பொருள் எந்த வழியில் கொல்லக்கூடும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

இது பாடப்புத்தகத்துக்கான பகுதி என்று தாண்டிவிடாதீர்கள். எந்தச் சோதனை பொருந்தும், எந்தக் கிண்ணத்தில் எதை வைக்கக்கூடாது என்பதெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

கிளாஸ் அயனோமர் இரண்டு வழியில் வேலை செய்கிறது. குழைத்த புதிதில் அது அமிலம். பி.எச். மிகக் குறைவாக இருந்து, இறுக இறுக ஏறும். கூடவே புளோரைட்டு வெளியேறும். முதல் 24 மணியில் அதிகமாக வெளியேறி, பிறகு வேகமாகக் குறைந்து, சில வாரங்களில் ஒரு சிறு அளவில் நின்றுவிடும். ஆகவே முதல் நாள் முடிவை வைத்துக்கொண்டு "நீண்டகாலப் பாதுகாப்பு" என்று எழுத முடியாது.

சிங்க் ஒக்சைட் யூஜினோல் சீமெந்தில் வேலை செய்வது யூஜினோல், நம் வீட்டுக் கராம்பின் வாசனைக்குக் காரணமான அதே பொருள். இறுகிய பிறகும் ஈரம் பட்டால் யூஜினோல் மெதுவாகப் பிரிந்து வெளியே வரும். அது ஆவியாகவும் செய்யும் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். மூடிய பெத்திரிக் கிண்ணத்துக்குள் அந்த ஆவி பக்கத்து மாதிரியைச் சுற்றியும் வளர்ச்சியைக் குறைக்கலாம். அதற்கு எப்போதும் தனிக் கிண்ணம் கொடுங்கள். யூஜினோல் பொலிஸ்ரைரீன் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் என்பதால் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். கொம்போசிட் (நீல ஒளியில் இறுகும் பிசின் அடைப்பு) இறுகுவதையும் அது கெடுக்கும். யூஜினோல் பட்ட கரண்டியால் கொம்போசிட்டைத் தொடவே வேண்டாம்.

கல்சியம் ஐதரொட்சைட்டின் பலம் காரத்தன்மை. பி.எச். 12.5 அளவில் இருக்கும். ஈரத்தில் இறுகும் கல்சியம் சிலிக்கேற்று வகைகளும் இதே ஐதரொட்சைட்டை வெளிவிட்டுத்தான் வேலை செய்கின்றன. ஆனால் இந்த அயன்கள் ஏகாரில் (பற்றீரியா வளர்க்கும் கூழ் ஊடகம்) தூரம் போவதில்லை. வழியிலேயே ஊடகம் அவற்றைச் சமப்படுத்திவிடும்.

கொம்போசிட் பிசினும் பிசின் வகைப் பிளவு அடைப்பானும் (பல்லின் பள்ளங்களை மூடும் பூச்சு) முழுதாக இறுகிய பின் பற்றீரியாவைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அவற்றின் வேலை துவாரத்தை அடைத்து பற்றீரியாவுக்குப் போகும் சாப்பாட்டை நிறுத்துவது. ஒப்பிடுவதற்கு நல்ல பொருள் என்பதால் ஒரு கொம்போசிட் மாதிரியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. பற்றீரியாவைத் தேர்ந்தெடுத்தல்

கேள்வி பல்லின் மேற்பகுதி அடைப்பைப் பற்றியது என்றால் மியூட்டன்ஸ். வேர்க்கால்வாய் சீலரைப் பற்றியது என்றால் என்ட்ரோகொக்கஸ் ஃபீகாலிஸ். ஆய்வுகூடத்தில் கிடைக்கிறது என்பதற்காக ஈ.கோலையை வைத்து அடைப்புப் பொருளைச் சோதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முடிவு அழகாகத்தான் வந்தது. அதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று பரிசோதகர் கேட்டபோது பதில் இல்லை.

தர வகைகளையே கேட்டு வாங்குங்கள்: மியூட்டன்ஸுக்கு ஏ.டி.சி.சி. (அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகம்) இலக்கம் 25175, ஃபீகாலிஸுக்கு ஏ.டி.சி.சி. 29212. இலங்கையில் இதற்கு விசாரிக்க வேண்டிய முதல் இடம் பேராதனைப் பல்கலைக்கழகப் பல்மருத்துவ பீடம் போன்ற ஒன்றுதான். கடிதம் எழுதி, அனுமதி வந்து, சாய்வு ஏகார்க் குழாயில் பொதி செய்து கொண்டுவருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அந்தக் கடிதத்தைத்தான் முதலில் எழுத வேண்டும். நண்பரின் வாயிலிருந்து பஞ்சால் துடைத்து எடுப்போம் என்று யோசிக்க வேண்டாம். அதற்கு ஒழுக்கவியல் குழுவின் அனுமதி தேவை, வகையை உறுதிப்படுத்தவும் தனி வேலை இருக்கிறது.

ஃபீகாலிஸ் மருத்துவமனைத் தொற்றுகளை உண்டாக்கும் பற்றீரியா. இரண்டாம் நிலை உயிரியல் பாதுகாப்போடு கையாளுங்கள். கையுறை, மேலங்கி, மூடிய அறை என்பவை கட்டாயம். வாயால் பிப்பெட் உறிஞ்சுவது அறவே கூடாது.

4. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். ஓட்டோகிளேவ், 37 பாகை அடைகாப்பி, 10 முதல் 1000 மைக்ரோலீற்றர் வரை எடுக்கும் பிப்பெட்டுகள், கலக்கும் வோர்டெக்ஸ் கருவி, இலத்திரனியல் தராசு, வேர்னியர் இடுக்கிமானி, 6 மி.மீ. தக்கைத் துளைப்பான். மாதிரி வார்க்க 6 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. உயரமும் உள்ள துளைகளோடு ஒரு டெஃப்லோன் அச்சு. கொம்போசிட் இருந்தால் நீல ஒளி விளக்கு. இதைப் பல்மருத்துவர் ஒருவரிடம் ஒரு பிற்பகலுக்கு இரவல் கேட்கலாம்.

மியூட்டன்ஸுக்குக் கொஞ்சம் காபனீரொட்சைட்டு வேண்டும். அதற்கென்று தனி அடைகாப்பி இல்லாவிட்டால் மெழுகுதிரிச் சாடி போதும். காற்றுப் புகாத சாடிக்குள் கிண்ணங்களை அடுக்கி, வாசனை சேர்க்காத வெள்ளை மெழுகுதிரி ஒன்றை ஏற்றி மூடிவிட்டால், அது அணையும்போது உள்ளே ஏறத்தாழ 3 வீதம் காபனீரொட்சைட்டு இருக்கும். திரியைக் கிண்ணத்தின் மேல் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உருகும்.

அடைகாப்பிக்குள் உச்ச இழிவு வெப்பமானி ஒன்றை வையுங்கள். இரவில் மின்சாரம் போய் வந்திருந்தால் காலையில் கருவி 37 என்றுதான் காட்டும். இழிவு 29 என்று வெப்பமானி சொன்னால்தான் அந்தத் தொகுதியை ஏன் கைவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

5. ஊடகத்தைச் சரியான தடிப்பில் ஊற்றுங்கள்

இரண்டு பற்றீரியாவுக்கும் மூளை இதயச் சாறு (brain heart infusion) ஊடகம் பொருந்தும். 121 பாகையில் 15 நிமிடம் கிருமியழித்து, 50 பாகை வரை ஆறவிட்டு, 90 மி.மீ. கிண்ணத்துக்கு 25 மி.லீ. வீதம் ஊற்றுங்கள். தடிப்பு 4 மி.மீ. வரும். ஊடகம் மெலிந்தால் வட்டம் பெருக்கும், தடித்தால் சுருங்கும்.

மேசை சரிந்திருந்தால் கிண்ணத்தின் ஒரு பக்கம் தடித்து, வட்டம் நீள்வட்டமாக வரும். ஊற்றுமுன் நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். மேசன்மாரிடம் இருக்கும் சாதாரண மட்டப்பலகையே போதும்.

மியூட்டன்ஸை வளர்க்கும் சாற்றில் சீனி சேர்க்காதீர்கள். சுக்குரோசு கிடைத்தால் அது கரையாத பசையைச் செய்து கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு எண்ணவே முடியாது.

6. மாதிரிகளைச் செய்தல்

அதிகப் பிழை நடப்பது இங்கேதான். பல்மருத்துவ உதவியாளர்கள் தினமும் செய்யும் வேலை, நமக்குப் பழக்கமில்லாத வேலை. முதல் பத்து மாதிரிகளை எறிவதற்கென்றே செய்யுங்கள்.

முதலில் வெப்பம். கிளாஸ் அயனோமரைக் குழைக்கும்போது அறை 23 பாகையில் இருக்க வேண்டும் என்பது தர விதி. நம் ஊரில் நண்பகலில் குளிரூட்டி இல்லாத அறையில் குழைத்தால், அச்சில் நிரப்புமுன்னே கரண்டியில் இறுகிவிடும். சரி, கண்ணாடித் தட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்போம் என்று செய்தால் வேறு வில்லங்கம்: நம் ஈரக் காற்று பட்டதும் தட்டில் நீர் பூத்துவிடும். அந்த நீர் சீமெந்தில் கலந்து விகிதத்தைக் கெடுக்கும். நாங்கள் குளிரூட்டிய அறையில் தட்டையும் போத்தல்களையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வைத்துவிட்டு, விடிகாலையில் குழைக்கிறோம்.

அடுத்தது அளவு. பெட்டியோடு வரும் கரண்டியை நம்பாமல் தூளைத் தராசில் நிறுங்கள். உற்பத்தியாளர் சொன்ன விகிதத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். திரவப் போத்தலை செங்குத்தாகக் கவிழ்த்து, குமிழியோடு வரும் முதல் துளியை எறிந்துவிட்டு அடுத்த துளியை எடுங்கள். தூள் குறைந்தால் மாதிரி கூடுதல் அமிலமாக இருக்கும், கூடுதலாகப் பற்றீரியாவையும் கொல்லும். அப்போது நீங்கள் அளந்தது உங்கள் கைப்பிழையை.

அச்சிலிருந்து இலகுவாகக் கழற்றலாம் என்று வஸ்லின் பூசுவார்கள். பூசாதீர்கள். மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருந்தால் பற்றீரியா சீமெந்தைத் தொடவே தொடாது. டெஃப்லோன் அச்சில் தானாகவே கழன்று வரும். பல்மருத்துவர் பூசும் வார்னிஷும் வேண்டாம், பிறகு சோதிப்பது வார்னிஷை.

நிரப்பிய அச்சின் மேல் கீழ் இரு பக்கமும் தெளிவான பொலியெஸ்ரர் தாளை வைத்து, கண்ணாடித் துண்டால் அழுத்துங்கள். மேற்பரப்பு ஒரே சீராக இருந்தால்தான் ஒரு மாதிரியை மற்றதோடு ஒப்பிடலாம். கரடுமுரடான இடத்தில் பற்றீரியா ஒளிந்துகொள்ளும். கொம்போசிட்டுக்கு இந்தத் தாள் இன்னும் முக்கியம். ஒட்சிசன் பட்ட மேற்படை முழுதாக இறுகாது, இறுகாத மொனோமர் பற்றீரியாவைத் தாக்கும். "கொம்போசிட்டும் கொல்கிறது அக்கா" என்று ஒரு தம்பி துள்ளிக்கொண்டு வந்தார். தாள் வைத்தாயா என்று கேட்டேன். வைக்கவில்லை.

கிளாஸ் அயனோமரை அச்சோடு ஒரு மணி நேரம் 37 பாகையில், ஈரப் பஞ்சு போட்ட மூடிய பெட்டிக்குள் வையுங்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும் நாட்களில் இதில் கவனம் கூடுதலாக வேண்டும். (கடலைக்கும் இந்தக் காற்றுக்கும் ஒரே பெயர் வைத்த ஊர் நம்முடையது.) அந்த வறண்ட காற்றில் பெட்டியைப் பத்து நிமிடம் திறந்து வைத்தாலே மாதிரி நீரை இழந்து மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் வந்துவிடும். வெடித்ததை லென்ஸால் பார்த்துக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தேவையானதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செய்து வைப்பது இதற்காகத்தான்.

7 நாள் வயதுக்கான மாதிரிகளை ஒவ்வொன்றாகத் தனிக் குப்பியில், காய்ச்சி வடித்த நீரில், 37 பாகையில் வையுங்கள். நீரைத் தினமும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் வெளியேறிய புளோரைட்டு அங்கேயே தேங்கி, மேற்கொண்டு வெளியேறுவதை மெதுவாக்கும். வாயில் எச்சில் தேங்கி நிற்பதில்லை. பொசுபேற்றுக் கரைசலையும் இங்கே பயன்படுத்த வேண்டாம், கல்சியம் வகைகளின் மேல் அது படிவு கட்டும்.

7. மாதிரியைக் கிருமியழித்தல்

ஓட்டோகிளேவில் போடாதீர்கள். 121 பாகை நீராவியில் இறுகிய சீமெந்தின் அமைப்பே மாறிவிடும், யூஜினோல் பறந்துவிடும். பாய்ச்சல் அறையின் (வடிகட்டிய காற்று வீசும் வேலைப்பெட்டி) புறஊதா விளக்கின் கீழ் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம் வைத்து, கிருமியழித்த இடுக்கியால் புரட்டி, மறுபக்கத்துக்கும் 30 நிமிடம் கொடுங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரியைப் பற்றீரியா சேர்க்காமல் சாற்றில் போட்டு அடைகாத்துப் பாருங்கள். மறுநாள் சாறு கலங்கினால் அந்தத் தொகுதி முழுவதும் கழிவு. புதிதாகக் குழைத்துச் சோதிக்கும் பொருளுக்கு இந்த வசதி இல்லை. அதைச் சுடருக்கு அருகே, கிருமியழித்த தட்டிலும் கரண்டியிலும் குழையுங்கள்.

8. பற்றீரியாத் தொங்கலைச் சரிப்படுத்துதல்

முதல் நாள் இரவு வளர்த்த கொலனிகளைச் சேலைனில் (உப்புநீர்) கலந்தால் வருவதுதான் தொங்கல். அதன் கலங்கலை 0.5 மக்ஃபார்லண்ட் தரத்துக்கு (கலங்கலை ஒப்பிட உதவும் அளவுகோல்) கொண்டுவாருங்கள். அதில் ஒரு மி.லீ. க்கு ஏறத்தாழ 1.5 × 10⁸ பற்றீரியா இருக்கும். தரத்தை நீங்களே செய்யலாம்: 1.175 வீத பேரியம் குளோரைட்டில் 0.5 மி.லீ. ஐ 1 வீத சல்பூரிக் அமிலத்தில் 99.5 மி.லீ. க்குள் சேர்த்துக் கலக்குங்கள். 625 நனோமீற்றரில் உறிஞ்சல் 0.08 முதல் 0.13 வரை இருந்தால் சரி.

மியூட்டன்ஸ் சங்கிலியாக வளரும் என்பதால் கலங்கல் சரியாக இருந்தாலும் எண்ணிக்கை பொய் சொல்லலாம். ஒரு நிமிடம் வோர்டெக்ஸில் கலக்கி, ஒவ்வொரு முறையும் ஐதாக்கி ஏகார்த் தட்டில் பரப்பி உண்மையான எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். சரிப்படுத்தியதை 15 நிமிடத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். தேநீர் குடித்துவிட்டு வந்தால் எண்ணிக்கை மாறியிருக்கும்.

9. ஏகார் பரவல் சோதனை

இது இலகுவானது, மலிவானது. பொருளிலிருந்து எதாவது வெளியேறிப் பரவுகிறதா என்பதற்கு விடை தரும். அவ்வளவுதான், அதற்கு மேல் இதிடம் கேட்காதீர்கள்.

பஞ்சுக் குச்சியால் தொங்கலை மூன்று திசையில் பூசி, 5 நிமிடம் காயவிடுங்கள். இறுகிய மாதிரி என்றால் மேலே வைத்து மெதுவாக அழுத்துங்கள். புதிதாகக் குழைத்தது என்றால் 6 மி.மீ. குழி வெட்டி, அடியில் ஒரு துளி உருகிய ஏகார் விட்டு அடைத்த பிறகு நிரப்புங்கள். அடைக்காவிட்டால் பொருள் ஊடகத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே வழிந்து வட்டத்தைப் பெருப்பிக்கும்.

ஒரு கிண்ணத்தில் நான்குக்கு மேல் வேண்டாம். 0.2 வீத குளோரெக்சிடின் (ஒரு கிருமிகொல்லி) நனைத்த வில்லை ஒன்றும் சேலைன் வில்லை ஒன்றும் கட்டுப்பாட்டுக்கு இருக்க வேண்டும். அறை வெப்பத்தில் 2 மணி நேரம் பரவ விட்டு, பிறகு 37 பாகையில் ஃபீகாலிஸுக்கு 24 மணி, மியூட்டன்ஸுக்கு மெழுகுதிரிச் சாடியில் 48 மணி.

வட்டத்தை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசையில் அளந்து சராசரி எடுங்கள். 6 மி.மீ. விட்டத்தைச் சேர்த்தீர்களா கழித்தீர்களா என்று அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள். கல்சியம் ஐதரொட்சைட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். ஊடகத்தோடு சேர்ந்து உண்டான படிவாகவும் இருக்கலாம். அந்த இடத்தைக் கிருமியழித்த கம்பி வளையத்தால் தொட்டுப் புதிய தட்டில் கீறிப் பாருங்கள்.

"அக்கா, கல்சியத்துக்கு வட்டமே வரல்ல, வேலை செய்யாத சாமான் போல" என்று யாராவது சொல்வார்கள். பரவாத பொருளுக்கு வட்டம் வராது. கொல்லாத பொருளுக்கும் வராது. இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்தச் சோதனையால் முடியாது. நன்கு கரையும் பொருளுக்குப் பெரிய வட்டம் வரும், ஆனால் வாயில் நன்கு கரையும் அடைப்பு நல்ல அடைப்பா என்பதையும் யோசித்துப் பாருங்கள். அதனால் அடுத்த சோதனையைச் செய்யாமல் ஆய்வை முடிக்க நான் விடுவதில்லை.

10. நேரடித் தொடுகைச் சோதனை

பற்றீரியாவைப் பொருளின் மேலேயே வைத்து, குறித்த நேரம் கழித்து உயிரோடு இருப்பதை எண்ணுவதுதான் இது. பரவலோ கரைதிறனோ குறுக்கே வராது. முழுமையாகச் செய்ய 96 குழித் தட்டும் அதை வாசிக்கும் கருவியும் வேண்டும். கருவி இல்லாத இடத்துக்கு, ஏகார்த் தட்டில் கொலனிகளை எண்ணும் இந்த வடிவம் போதும்.

அ) 24 குழித் தட்டில் குழிக்கு ஒரு மாதிரி வையுங்கள். ஒரு குழியில் அதே அளவு கண்ணாடி மூடித்துண்டு, இன்னொன்றில் கொம்போசிட். கண்ணாடி எதற்கு? பொருளே இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரத்தில் சில பற்றீரியா தானாகவே சாகும். அந்தக் கணக்கைக் கழிக்கத்தான்.

ஆ) ஒவ்வொன்றின் நடுவிலும் 10 மைக்ரோலீற்றர் தொங்கல் விடுங்கள். அதில் ஏறத்தாழ 1.5 × 10⁶ பற்றீரியா இருக்கும். துளி விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள். மாதிரிக்கு மாதிரி ஒரு நிமிட இடைவெளி விட்டால், எடுக்கும்போதும் அதே இடைவெளியில் எடுக்கலாம்.

இ) தட்டை ஈரப் பெட்டிக்குள் வைத்து 37 பாகையில் 5, 20, 60 நிமிடம். துளியைக் காயவிடும் முறையும் உண்டு. நான் அதை விட்டுவிட்டேன். மாரியில் வாடைக் காற்றோடு மழை பெய்யும் நாட்களில் துளி ஒரு மணி நேரமாகியும் காய்வதில்லை, கச்சான் நாட்களில் இருபது நிமிடத்திலேயே காய்ந்துவிடும். காய்வதே பற்றீரியாவைக் கொல்லும். இரண்டு பருவத்தில் எடுத்த முடிவுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு வருடம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் இது எனக்குப் பிடிபட்டது.

ஈ) நேரம் முடிந்ததும் மாதிரியை 990 மைக்ரோலீற்றர் மீட்புத் திரவத்தில் போட்டு, கண்ணாடி மணிகளோடு ஒரு நிமிடம் கலக்குங்கள். திரவம் பொருளின் சக்தியை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள்ளும் கொலை தொடரும். குளோரெக்சிடினுக்கு 3 வீத ட்வீன் 80 உம் 0.3 வீத லெசித்தினும் சேர்த்த சேலைன், கல்சியம் ஐதரொட்சைட்டுக்கு 0.5 வீத சித்திரிக் அமிலம். கிளாஸ் அயனோமருக்கு ஐதாக்கலே பெரும்பாலும் போதும்.

உ) பத்து மடங்காகத் தொடர்ந்து ஐதாக்கி, ஒவ்வொன்றிலும் 100 மைக்ரோலீற்றரை ஏகார்த் தட்டில் பரப்புங்கள். ஐதாக்காத திரவத்தையும் பரப்ப மறக்காதீர்கள். நன்றாகக் கொல்லும் பொருளுக்கு அங்கே மட்டும்தான் கொலனி தெரியும்.

11. மீட்புத் திரவம் நம்பத்தக்கதா என்று பார்த்தல்

புதியவர்கள் எல்லோரும் விட்டுவிடும் படி. பற்றீரியா இல்லாத ஒரு மாதிரியை மீட்புத் திரவத்தில் போட்டுக் கலக்கி எடுங்கள். அந்தத் திரவத்துக்குள் எண்ணிக்கை தெரிந்த குறைந்த அளவு பற்றீரியாவைச் சேர்த்து, பத்து நிமிடம் கழித்துப் பரப்புங்கள். மாதிரி படாத திரவத்தில் வரும் அளவுக்கு இங்கும் கொலனி வர வேண்டும்.

பாதிதான் வந்தால், வெளியேறிய இரசாயனம் குழாய்க்குள்ளும் வேலை செய்கிறது என்று பொருள். திரவத்தைப் பத்து மடங்கு கூட்டியோ சமப்படுத்தும் பொருளை மாற்றியோ மறுபடி பாருங்கள். சித்திரிக் அமிலம் தானே பற்றீரியாவைக் கொல்கிறதா என்பதையும் மாதிரியில்லாமல் ஒரு தடவை பாருங்கள். இந்தப் படியைச் சோதனைக்கு முன் வாரமே முடித்துவிட்டால் பிறகு அழ வேண்டியதில்லை.

12. எண்ணிக்கையும் கணக்கும்

30 முதல் 300 கொலனி வரை உள்ள தட்டை எடுங்கள். 10⁻³ ஐதாக்கலில் 42 கொலனி என்றால், 42 × 1000 ÷ 0.1 = ஒரு மி.லீ. க்கு 4.2 × 10⁵. கண்ணாடியில் 1.2 × 10⁶ வந்திருந்தால் மடக்கைக் குறைவு (இரு எண்ணிக்கைகளின் பத்தின் அடி மடக்கைகளுக்கிடையே உள்ள வித்தியாசம்) 6.08 − 5.62 = 0.46. மூன்றில் இரண்டு பங்கு செத்திருக்கிறது. கேட்கப் பெரிதாகத் தெரிந்தாலும் பற்றீரியாக் கணக்கில் இது சிறிய குறைவு. கொல்லி என்று சொல்வதற்கு வழக்கமான எல்லை மடக்கை 3, அதாவது 99.9 வீதம்.

ஒரு கொலனியும் வராவிட்டால் "பூச்சியம்" என்று எழுதாதீர்கள். ஐதாக்காத திரவத்தில் 0.1 மி.லீ. பரப்பியிருந்தால் உங்கள் சோதனைக்குத் தெரியக்கூடிய மிகக் குறைந்த அளவு ஒரு மி.லீ. க்கு 10. "10 இலும் குறைவு" என்றுதான் எழுத முடியும்.

ஒரே நாளில் ஒரே தொங்கலிலிருந்து வைத்த மூன்று மாதிரிகள் மூன்று சோதனைகள் ஆகா. ஒரே சோதனையை மூன்று முறை வாசித்தது மாதிரி. வேறு நாளில், வேறு வளர்ப்பில், வேறு குழையலில் மூன்று முறை செய்து, அந்த மூன்று சராசரிகளைத்தான் புள்ளிவிபரத்துக்குள் கொண்டுபோக வேண்டும்.

13. எழுதும்போது

பொருளின் வகை, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, குழைத்த அறையின் வெப்பமும் ஈரப்பதனும், மாதிரியின் வயது. இவை இல்லாவிட்டால் உங்கள் முடிவை யாராலும் திருப்பிச் செய்து பார்க்க முடியாது. பொருள் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து பகல் முழுவதும் கடையின் தகரக் கூரையின் கீழ் இருந்ததா என்பதையும் விசாரித்துக் குறித்துவையுங்கள்.

வட்டத்தின் அளவை வைத்துப் பொருள்களை வரிசைப்படுத்த வேண்டாம். ஒரே பொருளின் வயதுகளுக்கிடையே ஒப்பிடுங்கள், அது பரவாயில்லை. கிண்ணத்தில் பற்றீரியா செத்தால் நோயாளியின் பல்லில் மறுபடி சூத்தை வராது என்று எழுதவும் கூடாது. வாயில் எச்சில் உண்டு, ஒட்டிய படலமாக வாழும் நூற்றுக்கணக்கான வகைப் பற்றீரியா உண்டு, அடைப்பின் ஓரத்தில் இடைவெளியும் உண்டு.

14. கழிவு

பற்றீரியா பட்ட கிண்ணங்களும் குழாய்களும் 121 பாகையில் 30 நிமிடம் ஓட்டோகிளேவுக்குள் போகும். பிப்பெட் முனைகளுக்கு 0.5 வீத ஐப்போகுளோரைட்டு வாளி. குளோரெக்சிடின் பட்டவற்றை அந்த வாளியில் போடாதீர்கள், கபில நிறப் படிவு கட்டும். எங்கள் வாளி ஒருநாள் தேயிலைச் சாயம் போல மாறி, அதைக் கழுவிய பிள்ளை பயந்துபோனது இதனால்தான்.

ஒப்பிடுவதற்கு வெள்ளி அமல்கம் சேர்த்திருந்தால் அதை மட்டும் தனியே எடுத்துவிடுங்கள். அமல்கத்தை ஒருபோதும் ஓட்டோகிளேவில் போடவோ எரிக்கவோ கூடாது, பாதரச ஆவி வரும். ஐப்போகுளோரைட்டும் அதற்கு ஆகாது, பாதரசத்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும். 70 வீத அற்ககோலில் 30 நிமிடம் ஊறவைத்து, இறுக மூடும் பிளாஸ்டிக் சாடிக்குள் நீரின் கீழ் போட்டு, "அமல்கம்" என்று எழுதி ஒட்டி, அமல்கக் கழிவு சேர்க்கும் பல்மருத்துவ நிலையம் ஒன்றிடம் ஒப்படையுங்கள்.